பழைய நாடக ஸ்பாட் லைட்டை மறுபடி எரிய வைப்பது எப்படி

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடை. சைக்கிள் ரிம்களுக்கு அடியில் கறுத்த தகரப் பெட்டி ஒன்று கிடந்தது. முன்னால் வட்ட வட்டமாக வரி ஓடிய 6 அங்குலக் கண்ணாடி. கடைக்காரர், “ஏதோ பழைய லாரி லைட்டுங்க” என்றார். எடைக்குப் போட்டு 600 ரூபாய் சொன்னார், பேரம் பேசாமல் எடுத்து வந்தேன். அது 500 வாட் பிரெனல் ஸ்பாட், வட்ட வரி லென்ஸ் வைத்த நாடக மேடை விளக்கு. டிராமா சீன், லைட் எல்லாம் வாடகைக்கு விட்ட யாரோ கடையை மூடியபோது அங்கே வந்து சேர்ந்திருக்கும்.

இரண்டாயிரம் ரூபாய்க்குக் கலர் கலராக எல்இடி பார் (PAR) லைட் கிடைக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். சேலம் பக்கம் ஒரு கூத்தை எல்இடி வெளிச்சத்திலும் பாருங்கள், இதன் வெளிச்சத்திலும் பாருங்கள். மலிவான எல்இடியில் அரிதாரத்தின் சிவப்பு செத்துப்போய், மஞ்சள் பச்சையடிக்கும். இழை விளக்கில் ஒவ்வொரு நிறமும் அதனதன் நிறமாக நிற்கும். மங்க வைக்கும்போது வித்தியாசம் இன்னும் தெரியும். இழை சூடு குறையக் குறைய வெள்ளை தேன் நிறமாகி, தணல் நிறமாகி, மெதுவாக அடங்கும். பார் லைட் கடைசி வரை அதே வெளுப்போடு இருந்து சட்டென்று அணைந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். டெஸ்டர் பிடிக்கத் தெரியும், ஒயர் சீவத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தெரியாதென்றால் பக்கத்தில் ஒரு எலக்ட்ரீசியனை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கில் சொருகாதீர்கள்

வாங்கி வந்ததும் “எரியுதா பார்ப்போம்” என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். என்னிடம் வந்ததில் இரண்டு பின் பிளக் மாட்டி, எர்த் ஒயரை யாரோ நறுக்கி விட்டிருந்தார்கள். உடம்பு முழுக்க உலோகம். உள்ளே ஒரு ஒயர் உரசினால் தொட்டவர் கதை அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், உள்ளே போகும் ஒயரின் மேல் உறை. வெளுத்த சாம்பல் நிறத்தில், பஞ்சு திரித்த மாதிரி, தொட்டால் தூள் கொட்டும் உறை இருந்தால் அதை ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சூடு தாங்க அதைத்தான் சுற்றினார்கள். தூள் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. சீவாதீர்கள், ஊதாதீர்கள், பிரஷ் போடாதீர்கள். பி100 பில்டர் மாட்டிய முகக்கவசம் (என்95 இதற்குப் போதாது) போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஒயரை முழுசாக வெட்டி எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். பெட்டியின் உட்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பையில் போடுங்கள். பையைக் குப்பை வண்டியில் அப்படியே போடாமல், ஆபத்தான கழிவு என்று சொல்லிக் கொடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இதை மொட்டை மாடியில் செய்யுங்கள்.

புது ஒயர்

வீட்டு ஒயரிங்குக்கு வரும் பிவிசி 70 டிகிரிக்கு மேல் தாங்காது, உள்ளே உருகிவிடும். சிலிக்கான் ரப்பரின் மேல் கண்ணாடி நூல் பின்னிய ஒயர் கேளுங்கள், அது 180 டிகிரி தாங்கும். அடுப்பு, ஹீட்டர் ரிப்பேர் செய்யும் கடைகளில் “ஹீட்டர் ஒயர்” என்றால் எடுத்துத் தருவார்கள். 1.5 சதுர மி.மீ. போதும். 500 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 2.2 ஆம்பியர்தான் ஓடும். ஹோல்டர் பக்கம் சால்டர் வைக்காதீர்கள், சாதாரண சால்டர் 183 டிகிரியிலேயே இளகும். ஒயர் நுனியில் லக் (உலோக முனை) வைத்து நசுக்கித் திருகுங்கள். எர்த் ஒயரைப் பெட்டியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மூன்று பின் பிளக்.

மல்டிமீட்டரில் சோதிக்கும்போது பல்பைக் கழற்றிவிட வேண்டும். நான் கழற்றவில்லை. 7 ஓம் காட்டியது. ஷார்ட் என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். குளிர்ந்த இழையின் தடை அவ்வளவுதான் இருக்கும். எரியும்போதுதான் 106 ஓம் ஆகும்.

கண்ணாடியை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வெளியே சைலன்சர் பெயின்ட் அடியுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

ரிப்ளெக்டர்: நான் மாட்டிக்கொண்ட இடம்

பல்புக்குப் பின்னால் சின்னக் கிண்ணம் மாதிரி இருப்பதுதான் ரிப்ளெக்டர். என்னுடையது மங்கலாக இருந்தது. சேலத்தில் இருந்துகொண்டு பாலிஷுக்கு அலைவதா என்று கொலுசுப் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். கண்ணைப் பறிக்கும்படி மின்ன வைத்துத் தந்தார்கள். ஒரே மாதத்தில் சாம்பல் பூத்துவிட்டது. பட்டறைக்காரர் மேல் தப்பில்லை. அது வெள்ளி இல்லை, மேலே அனோடைஸ் செய்த, அதாவது காப்புப் படலம் ஏற்றிய அலுமினியம். அந்த மேல்படலத்தை நானே காசு கொடுத்துத் தேய்த்து எடுத்திருக்கிறேன். மெல்லிய துணி, சோப்புத் தண்ணீர், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். செத்துப்போன இன்னொரு லைட்டிலிருந்து வேறு ரிப்ளெக்டர் தேடிப் பிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

மாட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. ஏதோ ஒரு தூரத்தில் திருகினால் நடுவில் இருட்டுப் புள்ளி விழும். லென்ஸைக் கழற்றுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேரியாக்கில் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) மின்னழுத்தத்தை 40 வோல்ட் அளவுக்கு வையுங்கள். இழை சிவந்து மட்டும் எரியும். முன்னாலிருந்து பார்த்தால் இழையும், அதன் தலைகீழ் பிம்பமும் தெரியும். இழைச் சுருள்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் பிம்பத்தின் சுருள்கள் வந்து உட்காரும் வரை ரிப்ளெக்டரை நகர்த்துங்கள், சீப்புப் பல்லுக்குள் சீப்பைச் சொருகின மாதிரி. இழையின் மேலேயே பிம்பம் விழுந்தால் பல்பு சூடேறிச் சீக்கிரம் போகும்.

லென்ஸை மாட்டிவிட்டு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி பல்பை நகர்த்திப் பாருங்கள். லென்ஸுக்குக் கிட்டே வந்தால் வெளிச்சம் பரவும், தள்ளிப் போனால் குவியும். 1820களில் கலங்கரை விளக்குக்காக பிரெனல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த கண்ணாடி இது. தடிமனான லென்ஸை வளையம் வளையமாக நறுக்கித் தட்டையாக்கிவிட்டார்.

லண்டன் ஸ்ட்ராண்ட் எலக்ட்ரிக் கம்பெனியின் பேட்டர்ன் 23 என்ற மேடை விளக்கு உங்கள் கையில் கிடைத்தால் விடாதீர்கள். 1953இல் வந்தது. ஆனால் அது வட்டத்தின் விளிம்பு கூர்மையாக விழும் வேறு வகை, இந்த அளவுகள் அதற்குப் பொருந்தாது.

டிம்மர்

மின்விசிறி ரெகுலேட்டர் வேண்டவே வேண்டாம், 500 வாட்டுக்குப் புகைந்துவிடும். எலக்ட்ரானிக் டிம்மரில் இழை “ங்ங்” என்று பாடும், அமைதியான காட்சியில் முன்வரிசைக்குக் கேட்கும். என் ஓட்டு வேரியாக்குக்குத்தான். கனம் அதிகம், விலையும் அதிகம், ஆனால் சத்தம் இல்லை. முன்பெல்லாம் பானையில் உப்புத்தண்ணீர் ஊற்றி, உலோகத் தகடை இறக்கி ஏற்றி வெளிச்சத்தைக் குறைத்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது, செய்து பார்க்காதீர்கள்.

சவுக்குக் கம்பத்தில் கட்டும்போது கொக்கி போக, தனியாக ஒரு இரும்புச் சங்கிலியும் கட்டாயம்.

பின்னால் சேர்த்தது

ஏற்காட்டிலிருந்து ஒருவர், எல்லாம் சரியாகச் செய்தும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது என்று எழுதியிருந்தார். லைட் பல வருடம் ஒரு அரங்கின் பின்னறையில் கிடந்ததாம். மலை ஈரத்தைப் பீங்கான் ஹோல்டர் குடித்திருக்கும். பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பைத் தனி ஒயரில் விட்டு ஒரு ராத்திரி எரிய வைக்கச் சொன்னேன். அப்புறம் மெகரில் (மின்கசிவுக்கான தடையை அளக்கும் மீட்டர்) 1 மெகாஓமுக்கு மேல் வந்தது, இப்போது விழவில்லை.

இன்னொருவர் உள்ளே எல்இடி குண்டு பல்பு போட்டால் என்ன என்று கேட்டார். போட்டுப் பார்த்தேன். இந்த லென்ஸுக்கு வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். குண்டு பல்பு முழுக்க வெளிச்சமாக இருப்பதால் திரையில் கஞ்சி கொட்டின மாதிரி ஒரு வெளுப்புதான் விழுந்தது. கழற்றி வீட்டு வராந்தாவில் மாட்டிவிட்டேன்.