சர்வோ டிரைவ் சீரியல் கேபிளில் பேச மறுக்கிறதா? இந்தத் தவறுகளை விட்டுவிடுங்கள்

சர்வோ மோட்டாரை ஓட்டும் பெட்டிதான் டிரைவ். கம்ப்யூட்டரோ பிஎல்சியோ (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) கேட்டதற்கு டிரைவிலிருந்து பதில் வரவில்லை என்றதும் பலரும் கண்ணில் பட்ட பாராமீட்டரையெல்லாம் (டிரைவின் செட்டிங்குகளை) ஒரே நேரத்தில் மாற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் எது எங்கே இருந்தது என்றே தெரியாது. முதலில் அட்ரஸ் (லைனில் அந்த டிரைவின் எண்), பாட் ரேட் (பேசும் வேகம்), பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) மூன்றையும் டிரைவின் கீபேடிலேயே பார்த்து ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். டெல்டா ஏஎஸ்டிஏ-ஏ2 டிரைவில் அவை பி3-00, பி3-01, பி3-02. இதில் கடைசியில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள்: அங்கே 6 என்று இருந்தால் மோட்பஸ் ஆர்டியூ (டிரைவோடு பேசும் மொழி), 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் இரண்டு. கம்ப்யூட்டரில் பழக்கதோஷத்தில் ஸ்டாப் பிட் ஒன்று என்று விட்டிருப்போம். அது சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது, அதுதான் பெரிய தலைவலி.

வயரிங்கில் சிக்னல் வயர் இரண்டுக்கும் போட்டிருக்கும் ஏ, பி என்ற எழுத்தை நம்பவே நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் ஏ இன்னொரு கம்பெனிக்கு பி. பதில் இல்லையென்றால் அந்த இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் எரியாது. சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் இருக்கப் போடும் 120 ஓம் ரெசிஸ்டர் லைனின் இரண்டு முனையில் மட்டும்தான். நான்கு டிரைவ் இருக்கிறதே என்று நான்கிலும் போட்டால் லைனுக்கு 30 ஓம் லோடு. சர்வோ ஆஃபில் அழகாகப் பேசி, ஆன் செய்த நொடியில் அறுந்துபோகிறதா? சாப்ட்வேரைத் திட்டுவதற்கு முன் மோட்டாருக்குப் பவர் கொண்டுபோகும் யு, வி, டபிள்யு கேபிளோடு சேர்த்து இந்த சீரியல் கேபிளையும் ஒரே டிரேயில் இழுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எனக்கு ஒரு முழு நாள் இப்படிப் போயிருக்கிறது.

எண்ணைத் தப்பாகப் படிப்பது அடுத்தது. 32 பிட் மதிப்பு இரண்டு ரெஜிஸ்டரில் (16 பிட் கொள்ளும் இடம், அதுதான் ஒரு வேர்ட்) வரும், எது முதலில் என்பது பிராண்டுக்கு பிராண்ட் மாறும். 1,00,000 இருக்கவேண்டிய இடத்தில் மைனஸ் 203 கோடி சொச்சம் தெரிந்தால் வேர்ட் வரிசையைத் திருப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஏஎஸ்டிஏவில் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் இரண்டு ரெஜிஸ்டர் அட்ரஸ் என்பதால் பி1-44 இருப்பது 0144இல் அல்ல. 44 இரட்டிப்பானால் 88, அது ஹெக்ஸில் 58, முன்னால் பி1க்கான 01, ஆக 0158.

இதுவரை சொன்னதெல்லாம் நேரத்தைத்தான் தின்னும். டிரைவையே தின்னும் தவறு ஒன்று உண்டு. பிஎல்சியிலிருந்து 100 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வேகத்தை எழுதிக்கொண்டே இருப்போம், அது ஒவ்வொரு முறையும் ஈஈப்ராமில் (பவர் போனாலும் அழியாத மெமரி சிப்) பதிவாகும். ஒரு லட்சம் தடவை எழுதலாம் என்று உத்தரவாதம் உள்ள சிப் என்றால், அந்தக் கணக்கு இரண்டே முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உடனே சாகாது, ஆனால் என்றோ ஒரு நாள் காலையில் மெமரி அலாரத்தோடு எழுந்திருக்கும். ஏஎஸ்டிஏ-ஏ2வில் பி2-30ஐ 5 என்று வைத்தால் பதிவு நிற்கும். பவர் போய் வந்தால் அது தானாக 0 ஆகிவிடும், அதனால் பிஎல்சி ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை மோட்பஸ் வழியாக அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம், அது தனி வயரில் வரட்டும். எவ்வளவு நேரம் செய்தி வராவிட்டால் பிழை என்று சொல்லும் டைம்-அவுட் பி3-04 கம்பெனியிலிருந்து வரும்போது 0, அதாவது கேபிள் கழன்றாலும் டிரைவ் கண்டுகொள்ளாது. அதற்கு ஒரு மதிப்பு கொடுத்து, பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் பி3-03ஐயும் மோட்டார் நிற்கும்படி வைத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மெதுவாகச் சுற்றவிட்டு, கேபிளை வேண்டுமென்றே ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள்.