மளிகைப் பட்டியலாக இருந்த என் சிவி

பிரிட்டனில் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்க நான் எழுதிய சிவியின் முதல் வரைவை மூத்த பேராசிரியர் ஒருவர் படித்துவிட்டு, "இது மளிகைப் பட்டியல்" என்றார். கோபம் வந்தது. ஆனால் உண்மைதான், கட்டுரைத் தலைப்பு, இதழ், இம்பாக்ட் ஃபேக்டர் (அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) என்றே அடுக்கியிருந்தேன்.

அவர்கள் கேட்டதோ பட்டியல் அல்ல, செய்ததை விவரித்து எழுதும் "நேரேட்டிவ் சிவி". பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 2019இல் முன்வைத்த வார்ப்புருவின் வழியில் வந்த வடிவம் அது. அறிவுக்கு, உடன் உழைப்பவர்களுக்கு, ஆய்வுச் சமூகத்துக்கு, வெளிச் சமூகத்துக்கு நீங்கள் செய்தது என்ன என்று நான்கு பகுதிகளில் கேட்பார்கள்.

முதலில் இம்பாக்ட் ஃபேக்டரை அழித்தேன். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் கீழே "சரி, அதனால் என்ன?" என்று எழுதினேன். பதில் இல்லாத வரிகள் போயின. பாதி போய்விட்டது! "மாணவர்களுக்கு வழிகாட்டினேன்" என்ற வரி, "இரண்டு மாணவிகளுக்கு ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழி கற்றுத்தந்தேன், ஒருவர் எழுதிய நிரலைத்தான் இன்றும் எங்கள் ஆய்வகம் பயன்படுத்துகிறது" என்று மாறியது. கூட்டுக் கட்டுரைகளில் "நாங்கள்" என்பதை எடுத்துவிட்டு, என் கை பட்ட வேலையை மட்டும் "நான்" என்று எழுதினேன். தற்பெருமை போல இருக்குமோ என்று கூச்சம். அதற்கே ஒரு வாரம் போனது.

இரண்டாம் வரைவில் அந்தப் பேராசிரியர் திருத்தியது மூன்றே இடங்கள், எல்லாம் காற்புள்ளிகள்.