அதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் கேளுங்கள்

எங்கள் மணி தெருவில் கிடைத்த நாட்டு நாய். ஒன்பது வயதாகிறது. முதல் இரண்டு வருடம் அவன் வாயைத் திறந்தாலே "சும்மா இருடா" என்று அதட்டுவேன். அவன் எதற்குக் குரைக்கிறான் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

உங்கள் நாயின் குரல் புரிய வேண்டுமென்றால் போனை எடுங்கள். கேட்டில் ஆள் வரும்போது, பந்து விளையாடும்போது, நீங்கள் வெளியே போனபின் அது தனியாக இருக்கும்போது என மூன்று நேரங்களில் பதிவு செய்யுங்கள். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தண்ணீர் கேன்காரர் வந்தால் மணியின் குரல் தடித்து, கரகரப்பாக, விடாமல் வரும். தனியாக விட்டால் கீச்சென்று ஒன்று, சற்று இடைவெளி, அப்புறம் இன்னொன்று. விளையாட்டில் குரல் மேலும் கீழுமாகத் துள்ளும். சுருதி, இடைவெளி, கரகரப்பு இந்த மூன்றையும் கவனித்தால் போதும். ஹங்கேரியில் ஆடு மேய்க்கும் நாய்களின் குரைப்பை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டிய ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. நாயே வளர்க்காதவர்களும்கூட அது எந்தச் சூழலில் குரைத்தது என்பதை ஓரளவு சரியாகச் சொன்னார்கள். அதனால் நம்மால் முடியாதோ என்று தயங்க வேண்டாம்.

உறுமலை மட்டும் தயவுசெய்து அடக்காதீர்கள். சோற்றுத் தட்டருகே மணி உறுமியபோதெல்லாம் நான் மண்டையில் தட்டினேன். சில மாதங்களில் உறுமுவதை நிறுத்திவிட்டான். "பாருங்கள், திருந்திவிட்டான்" என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒருநாள் தட்டை நகர்த்தப் போன என் கையை, சத்தமே இல்லாமல் கவ்விவிட்டான். 'கிட்ட வராதே' என்று அவன் சொல்ல இருந்த ஒரே வழியை நான்தான் அடைத்திருந்தேன். அதே ஹங்கேரி ஆய்வாளர்கள் எலும்பைக் காக்கும் உறுமலையும் விளையாட்டு உறுமலையும் மற்ற நாய்களுக்கு ஒலிபரப்பிப் பார்த்தார்கள். எலும்பைக் காக்கும் உறுமலைக் கேட்டவைதான் எதிரே கிடந்த எலும்பை விட்டு அதிகம் விலகின. விளையாட்டில் வரும் உறுமலுக்குப் பயப்படத் தேவையில்லை. தட்டருகே உறுமினால் பின்வாங்குங்கள். மறுநாளிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று, தட்டை நோக்கி ஒரு கறித்துண்டைப் போடுங்கள். ஆள் வந்தால் சோறு கூடும் என்று அது பழகட்டும்.

நம் குரலை அவை எப்படிக் கேட்கின்றன என்பதும் முக்கியம். நாயின் மூளையை ஸ்கேன் செய்த 2016 ஆய்வில், பாராட்டும் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்து வந்தபோதுதான் மகிழ்ச்சிக்கான பகுதி கூடுதலாகத் தூண்டப்பட்டது. எனவே "நல்ல பையன்" என்பதை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். எங்கள் வீட்டில் நான் "வா", அம்மா "இங்க வாடா", தம்பி விசில். பாவம், மணி மூன்று பாடம் படித்தான். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி இன நாய் மூன்று ஆண்டுகளில் 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றது. ஒரு பொம்மைக்கு ஒரே பெயர், அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

ஊளையிட்டால் சாவு வரும் என்று கல்லெறியாதீர்கள். ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் மணி ஊளையிடுவான். தூரத்து நாய்க்குப் பதில் சொல்வதைப் போலத்தான் அது.

பழைய பதிவுகளை அழிக்காமல் வையுங்கள். குரல் திடீரென்று கம்மினாலோ, இரவில் புதிதாக முனகல் கேட்டாலோ, கால்நடை மருத்துவரிடம் போகும்போது பழையதையும் புதியதையும் போட்டுக் காட்டலாம்.