கம்பம் சுற்றட்டுமா, நான் சுற்றட்டுமா?

எனக்கு 43 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் கணக்கு எழுதும் வேலை. நிமிர்ந்து நிற்கும் உலோகக் கம்பத்தைப் பிடித்துச் சுற்றும் கம்ப நடனம் (போல் டான்ஸ்) பழகப் போன முதல் வாரம், குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். சித்திரைப் புத்தாண்டுக்கு வழுக்குமரம் ஏறுகிறவர்கள் கூட என்னைவிட உயரம் போயிருப்பார்கள். வகுப்பு நாளில் காலையிலிருந்தே உடம்பில் எண்ணெயும் வேண்டாம், லோஷனும் வேண்டாம்.

துணி கம்பத்தில் வழுக்கும், தோல்தான் பிடிக்கும். அரைக் காற்சட்டை அணிவது அதற்காகவே. அதன்மேல் நீளப் பாவாடை உடுத்திக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் போகிறேன், அம்மாவுக்கும் நிம்மதி.

நிலைக் கம்பம், சுழல் கம்பம் என்று இரண்டாகச் சொன்னாலும் பல இடங்களில் இருப்பது ஒன்றுதான். திருகை இறுக்கினால் அசையாது. தளர்த்தினால் உள்ளிருக்கும் பேரிங்கின் மேல் சுழலும். உங்களுக்கு முன் பழகியவர் எப்படி விட்டுப்போனார் என்று தெரியாது. ஆகவே ஏறுமுன் கையால் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

நிலைக் கம்பத்தில் தொடங்குங்கள் என்பேன். கம்பம் உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். வலக்கையை உயர்த்திப் பிடியுங்கள், இடக்கை நெஞ்சளவில். வலக்காலை ஊன்றி, இடக்காலை அரிவாள் வீசுவதுபோல் வெளிப்பக்கமாகச் சுழற்றி வீசுங்கள். அந்த வேகத்திலேயே இரு முழங்கால்களாலும் கம்பத்தைக் கவ்விக்கொள்ளுங்கள். வேகம் முழுவதும் அந்தக் காலிலிருந்துதான் வர வேண்டும். தயங்கி வீசினால் கால்வாசிச் சுற்றிலேயே நின்றுவிடுவீர்கள். பிடியை உடும்புபோல் இறுக்கினாலும் அதே கதிதான், கை கம்பத்தைச் சுற்றி வழுகி வர வேண்டுமே. உள்ளங்கை எரியும், முழங்காலில் கன்றும். எனக்கு மூன்று வாரம் கன்றியது.

சுழல் கம்பம் சுலபம் என்று சொல்கிறவர்கள் கீழே நின்று பார்த்தவர்கள். தள்ளுவது சுலபம்தான். நிலைக் கம்பத்தில் வீசிய வீச்சை இங்கே வீசினால் பம்பரமாகிவிடுவீர்கள். காலால் ஒரு மெல்லிய தள்ளு போதும். கைகால்களைக் கம்பத்தோடு ஒடுக்கினால் வேகம் கூடும், காலை நீட்டினால் குறையும். ஆனால் சுழற்சி உடம்பை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். வயிற்றுத் தசையும் தோளும் ஒரு கணமும் ஓயக் கூடாது. பயந்தவுடன் மனிதர் கட்டிப்பிடிப்பார்கள், கட்டிப்பிடித்தால் இன்னும் வேகமாகச் சுற்றும். நான் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். இறங்க வேண்டுமானால் ஒரு காலை நீட்டி, வேகம் தணிந்த பிறகு பாதத்தை ஊன்றுங்கள். நிற்கும்வரை கையை விடாதீர்கள்.

கொழும்பின் புழுக்கத்தில் குரோம் பூசிய கம்பம் நாலு நிமிடத்தில் வியர்வையில் நனைந்துவிடும். ஸ்பிரிட் தொட்ட துணியால் அடிக்கடி துடையுங்கள். குளிரூட்டியை அதிகம் வைத்தாலும் தொல்லை, குளிர்ந்த உலோகத்தில் தோல் ஒட்டாது.

தலைசுற்றல் கட்டாயம் வரும். உட்காதில் உள்ள திரவம் நீங்கள் நின்ற பிறகும் சற்று நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சுற்றும்போது சுவரைப் பார்க்காமல் மேல்கையைப் பாருங்கள். முதல் நாள் மூன்று சுற்றுகள் போதும், மதியச் சோற்றுக்குப் பிறகு அதுவும் வேண்டாம். முடிந்ததும் பத்து நிமிடம் தரையில் உட்காருங்கள். வெளியே வாகனங்கள் ஓயாத காலி வீதியைக் கடக்க வேண்டியிருக்கிறது.