தமிழில் தட்டச்ச வரவில்லையா? பேசுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயிலின் கூட்டக் குறிப்புகளை எழுதுபவர் என் பெரியப்பா. நாற்பது வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய கை, கீபோர்டில் தமிழ் எழுத்தைத் தேடியே களைத்துப்போகும். இப்போது அவர் பேசுகிறார், கணினி எழுதுகிறது.

மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங்கைத் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். மைக் படத்துக்கு மேலுள்ள மொழிப் பட்டியலில் தமிழை வைத்துவிட்டு மைக்கை அழுத்துங்கள். முதல் முறை அனுமதி கேட்கும், கொடுங்கள். பேசியும் ஒன்றும் விழவில்லையா? விண்டோஸ் செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போய், இன்புட்டில் சரியான மைக் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களை அரை மணி நேரம் அலையவிட்டது இதுதான்.

மைக்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். மடிக்கணினியில் உள்ள மைக் காற்றாடிச் சத்தத்தையும் சேர்த்து இழுக்கும். தகரக் கூரையில் மழை பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சாதாரண ஹெட்செட் போதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று ஓரமாகத் தள்ளி வையுங்கள், மூச்சுக்காற்று படாது. பெரியப்பாவுக்கு, பேச்சுவழக்கைவிட எழுத்துத் தமிழில் நிதானமாகச் சொன்னபோது பிழை நன்றாகக் குறைந்தது. கம்போங், பாசார் என்று இடையில் மலாய்ச் சொல் வந்தால் மட்டும் தடுமாறுகிறது. அவற்றையும் நிறுத்தக்குறிகளையும் கடைசியில் கையால் திருத்திக்கொள்கிறோம்.

அப்புறம், இதற்கு இணையம் வேண்டும்.