உடம்பு தேற வேண்டுமா? பவுடர் டப்பா வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஒல்லியாக இருப்பவர்களுக்கு எல்லோரும் சொல்வது, "நல்லா சாப்பிடு." இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறவரிடம் ஆறு தின்னச் சொன்னால் நடக்குமா? அளவைக் கூட்டுவதை விட, சாப்பிடும் அதே தட்டைச் சத்தாக்குவதுதான் சுலபம்.

முதலில் கணக்கு

எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இருமுறை வகுங்கள். 165 செ.மீ. உயரம், 48 கிலோ என்றால் 48 ÷ 1.65 ÷ 1.65 = 17.6. இது 18.5க்குக் கீழே இருந்தால்தான் எடை குறைவு. அதற்கு மேல் இருந்தால், கல்யாண வீட்டில் யாரோ "என்ன இப்படி இளைச்சுட்டே" என்றதற்காக மெனக்கெட வேண்டாம்.

அப்புறம் டாக்டர்

முயற்சி செய்யாமலே எடை இறங்குகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல் (காசநோய்), தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் (சர்க்கரை), படபடப்பு, கை நடுக்கம் (தைராய்டு) இருக்கிறதா? அப்படியானால் பரிசோதனை முதலில், சாப்பாட்டுத் திட்டம் பிறகு. கணக்கு 16க்கும் கீழே வந்தாலோ, பல நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலோ, திடீரென்று வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ரத்தத்தில் உப்புகளின் அளவு சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

இப்போது சாப்பாடு

வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி போதும். ஒரு வாழைப்பழம், 30 கிராம் வறுத்த வேர்க்கடலை, 200 மி.லி. கொழுப்பு நீக்காத பால் மூன்றும் சேர்ந்தாலே ஏறக்குறைய 400. மாலை நாலு மணிக்கு வைத்துக்கொண்டால் ராத்திரிப் பசியும் கெடாது. பழத்தையும் கடலையையும் பாலோடு மிக்ஸியில் அடித்தும் குடிக்கலாம். பசி மந்தமானவர்களுக்கு மெல்லுவதை விடக் குடிப்பது எளிது.

இட்லிக்குப் பொடி தொட்டுக்கொள்கிறீர்களா? அதில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றுங்கள், எண்ணெயிலேயே 80 கலோரிக்கு மேல். "இளைத்தவனுக்கு எள்ளு" என்பது சும்மா இல்லை. எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். மதியம் பருப்பு, நெய் சாதத்தை முதலில் சாப்பிடுங்கள். ரசமும் மோரும் கடைசியில். தண்ணீரால் வயிற்றை நிரப்பிவிட்டுச் சோற்றுக்கு இடம் தேடக் கூடாது. தினம் ஒன்றிரண்டு முட்டை, ஆகாதவர்களுக்குச் சுண்டல்.

வாரம் இரண்டு நாள் உளுந்தங்களி கிண்டலாம். தோல் உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, வாசம் வரும்வரை வறுத்து அரைத்து வையுங்கள். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, ஆறியபின் மாவைக் கட்டியில்லாமல் கலக்கி, சிறு தீயில் கிண்டுங்கள். நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, மாவு வெந்து சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டுத் தொடங்கட்டும்.

பவுடர், லேகியம்

"ஒரே மாதத்தில் பத்து கிலோ" என்று விற்கும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகம் உப்பும், கன்னம் நிறையும், பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். உள்ளே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். ஏற்கெனவே சில வாரமாகச் சாப்பிடுகிறவர்கள் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

தண்டால், பஸ்கி

வாரம் இரண்டு மூன்று நாள் போதும், ஜிம் கட்டாயமில்லை. இது இல்லாமல் தின்றால் பெரும்பாலும் தொப்பைதான் விழும்.

எடை பார்ப்பது

வாரம் ஒருநாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் பாருங்கள். வாரத்துக்குக் கால் முதல் அரை கிலோ ஏறினால் சரியான வேகம். மூன்று நாலு வாரமாகியும் முள் நகரவில்லையென்றால் காலையில் இன்னொரு டம்ளர் பாலோ ஒரு எள்ளுருண்டையோ சேருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மறுபடி டாக்டரிடம்தான்.