மைதா இல்லாத ராஜ்மா கேக்: பயறு வேகும் பதமும் வேறு ரகங்களும்

ராஜ்மா கேக்கில் பயறு வாடை அடித்தால் கோகோவைக் கூட்டிப் பயனில்லை. பெரும்பாலும் பயறு சரியாக வெந்திருக்காது.

110 கிராம் காய்ந்த ராஜ்மாவை இரவே ஊறவையுங்கள். வெந்தபின் ஏறக்குறைய 250 கிராம் கிடைக்கும். போர் தண்ணீரில் உள்ள கால்சியம் தோலை இறுக்கிவிடும், அதனால் ஊறும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, குக்கரில் முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 20 நிமிடம் விடுங்கள். விரலால் நசுக்கினால் தோலும் சேர்ந்து மசிய வேண்டும். கடையில் வருடக்கணக்கில் கிடந்த பயறு எவ்வளவு வேகவைத்தாலும் மசியாது. அதைக் குழம்புக்கு ஒதுக்குங்கள். அரைவேக்காடு ஆபத்தும்கூட: ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும், இல்லாவிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான்.

வடித்ததும் துணியில் பரப்பி, மேல் ஈரம் போக உலரவிடுங்கள். இதை அவசரத்தில் விட்டால் கேக்கின் நடு களியாக அமுங்கிவிடும்.

முதலில் பயறு, 3 முட்டை, 45 மி.லி. எண்ணெய் மட்டும் மிக்ஸியில்; நொய் தட்டாமல் போகும் வரை அரைக்க வேண்டும். பிறகு சர்க்கரை 150 கிராம், கோகோ 25 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், வெனிலா 1 டீஸ்பூன், சிட்டிகை உப்பு சேர்த்து ஒரு சுற்று. மைதா இல்லாததால் கேக்கைத் தாங்குவது முட்டைதான்; அதைக் குறைக்காதீர்கள். பட்டர் பேப்பர் போட்ட 20 செ.மீ. சதுர டின்னில், 175 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். குச்சியில் ஈரத் துகள் ஒன்றிரண்டு ஒட்டலாம், மாவு ஒட்டக்கூடாது. சூட்டோடு வெட்டினால் உடையும். மறுநாள் ருசி இன்னும் மேல்.

ஜம்முவின் பதர்வா ராஜ்மா கிடைத்தால் விடாதீர்கள். சிறியது, சீக்கிரம் மசியும். வெள்ளை டபுள் பீன்ஸ் என்றால் கோகோவை விட்டு ஏலக்காய் போடலாம். ஜப்பானில் வெள்ளைப் பயறை அரைத்துச் செய்யும் ஷிரோ-ஆன் என்ற இனிப்பு விழுதைப் பலகாரங்களுக்குப் பூரணமாக வைக்கிறார்கள். காய்ந்த டபுள் பீன்ஸை முதலில் 10 நிமிடம் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே குக்கரில் வையுங்கள். சயனைடு தரும் பொருள் அதில் சிறிதளவு உண்டு. மொச்சைத் தோல் எந்த மிக்ஸிக்கும் அடங்காது, ஊறியதும் பிதுக்கிவிடுங்கள். காராமணியின் மண்வாசம் கோகோவோடு ஒட்டாது, வெல்லத்தோடு ஒட்டும். முற்றிய வாளவரை விதை மட்டும் வேண்டாம். அதன் நச்சை நீக்குவது வீட்டு அடுப்பில் நம்பிச் செய்யக்கூடிய வேலை இல்லை.